கம்பியில்லா வலையமைப்புச் சந்தை: டொரோண்டோவுக்கு எஞ்சும் தெரிவுகள்

அமெரிக்காவின் ஹியூலெட் பாக்கர்ட் என்டர்பிரைஸ் நிறுவனம், தனது போட்டியாளரான ஜூனிப்பர் நெட்வொர்க்ஸ் நிறுவனத்தைச் சுமார் 14 பில்லியன் அமெரிக்க டாலர்களுக்கு வாங்கும் நடவடிக்கையை 2025ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் தேதி நிறைவு செய்தது. பெரிய அலுவலகங்கள், மருத்துவமனைகள், பல்கலைக்கழகங்கள் போன்றவற்றுக்கு வைஃபை எனப்படும் கம்பியில்லா வலையமைப்புக் கருவிகளை விற்பதில் அமெரிக்காவில் இரண்டாம், மூன்றாம் இடங்களில் இருந்த இரு நிறுவனங்கள் இதன் மூலம் ஒன்றாகின. முதலிடம் சிஸ்கோ நிறுவனத்துக்குரியது.

இந்த இணைப்பு குறித்த வழக்கு நடந்தது கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரில். ஆனால் அதன் விளைவுகளை உணரப்போகும் நகரங்களில் கனடாவின் டொரோண்டோவும் ஒன்று. வங்கிகளின் தலைமையகங்கள், நாட்டின் மிகப் பெரிய பல்கலைக்கழகம், பெரும் மருத்துவமனைகள், 580 வரையிலான பள்ளிகளை நிர்வகிக்கும் கல்விச் சபை என்று இத்தகைய கருவிகளைப் பெருமளவில் வாங்குவோர் குவிந்துள்ள நகரம் அது. தொலைத்தொடர்புக் கருவிகளை உலகுக்கே விற்ற நோர்டெல் நிறுவனத்தின் தலைமையகமும் ஒரு காலத்தில் இந்த நகரப் பகுதியிலேயே இருந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன்பு இந்தச் சந்தையில் விற்பவராகவும் வாங்குபவராகவும் இருந்த டொரோண்டோ, இன்று வாங்குபவராக மட்டுமே எஞ்சியிருக்கிறது. விற்போரின் எண்ணிக்கையோ ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறது.

ஒரே தரநிலை, வெவ்வேறு பூட்டுகள்

வீட்டில் ஒரேயொரு ரவுட்டர் பெட்டியை வைத்து வைஃபை பயன்படுத்துவோருக்கு, இத்தகைய சந்தையில் போட்டி குறைந்தால் என்ன என்ற கேள்வி எழலாம். ஆனால் ஒரு பெரிய மருத்துவமனையின் நிலை வேறு. அங்கு கூரைகளில் நூற்றுக்கணக்கான, சில இடங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அக்சஸ் பாயிண்ட்கள், அதாவது வானலையைப் பரப்பும் சிறு பெட்டிகள், பொருத்தப்பட்டிருக்கும். மருத்துவத் தாதி ஒருவர் கைக்கணினியுடன் ஒரு பிரிவிலிருந்து மற்றொரு பிரிவுக்கு நடந்து செல்லும்போது, இணைப்பு ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு அறுபடாமல் கைமாற வேண்டும். நோயாளியின் உறவினர் பயன்படுத்தும் இணைப்பும், மருந்து செலுத்தும் கருவி பயன்படுத்தும் இணைப்பும் ஒன்றையொன்று தீண்டாமல் பிரிந்திருக்க வேண்டும். அருகருகே உள்ள பெட்டிகள் ஒரே அலைவரிசையில் மோதிக்கொள்ளாமல் தமக்குள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். இவற்றையெல்லாம் நிர்வகிப்பது, பெட்டிகளுக்குப் பின்னால் இயங்கும் கட்டுப்பாட்டு மென்பொருள்.

பெட்டிகளின் வானலைப் பகுதி, ஐஇஇஇ அமைப்பின் 802.11 என்ற பொதுத் தரநிலைக்கு உட்பட்டது. அதனால்தான் எந்த நிறுவனத்தின் மடிக்கணினியும் எந்த நிறுவனத்தின் அக்சஸ் பாயிண்டுடனும் பேச முடிகிறது. ஆனால் அக்சஸ் பாயிண்டுக்கும் அதனைக் கட்டுப்படுத்தும் மென்பொருளுக்கும் இடையே அத்தகைய பொது மொழி நடைமுறையில் உருவாகவில்லை. அதற்கான முயற்சி நடக்காமலும் இல்லை. கேப்வேப் என்ற நெறிமுறையை இணையப் பொறியியல் பணிக்குழு 2009ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளியிட்டது. ஒரு நிறுவனத்தின் பெட்டியை இன்னொரு நிறுவனத்தின் கன்ட்ரோலரால் இயக்க முடியவேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. பல நிறுவனங்கள் அந்த நெறிமுறையைத் தமது கருவிகளுக்குள் ஏற்றுக்கொண்டன. ஆயினும் ஒவ்வொன்றும் தனக்கே உரிய சேர்க்கைகளை அதில் இணைத்துக்கொண்டதால், ஒன்றின் பெட்டி மற்றொன்றின் கட்டுப்பாட்டில் இயங்கும் நிலை ஏற்படவேயில்லை. இந்தத் துறையின் வரலாற்றில் வாங்குவோர் தரப்பு இழந்த மிகப் பெரிய வாய்ப்பு இதுவே என்று கூறலாம்.

இதன் விளைவு எளிமையானது. ஒரு பல்கலைக்கழகம் ஒரு நிறுவனத்தின் கருவிகளை வாங்கிவிட்டால், கட்டடம் ஒன்றுக்கு மட்டும் வேறு நிறுவனத்தை நாடுவது பெரும் தொல்லை. அனைத்தையும் ஒருசேர மாற்றுவதோ பெரும் செலவு. கூரையில் ஏறும் ஏணி, கேபிள் இழுக்கும் பணி, ஊழியர்களுக்கான புதிய பயிற்சி எல்லாம் அதில் அடக்கம். எனவே உண்மையான போட்டி, ஐந்து முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை, புதிய தலைமுறைக் கருவிகளுக்கு டெண்டர் கோரப்படும் சில வாரங்களில் மட்டுமே நிகழ்கிறது. அந்தச் சில வாரங்களில் மேசைக்கு வருவோர் எத்தனை பேர் என்பதே விலையைத் தீர்மானிக்கிறது.

நோர்டெல் இரவல் வாங்கிய தொழில்நுட்பம்

1895ஆம் ஆண்டு மொன்றியாலில் தொடங்கப்பட்ட நிறுவனம் ஒன்றின் வழிவந்த நோர்டெல், 2000ஆம் ஆண்டில் 90 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களைக் கொண்டிருந்தது. அவ்வாண்டின் உச்சத்தில் டொரோண்டோ பங்குச்சந்தையின் முக்கியக் குறியீட்டெண் மதிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம் இந்த ஒரே நிறுவனத்தினுடையதாக இருந்தது. இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்து டொரோண்டோ பகுதியில் குடியேறிய தமிழ்ப் பொறியாளர்கள் பலருக்கும் அக்காலத்தில் அந்தப் பெயர் ஒரு கனவாக இருந்தது. ஓய்வூதியச் சேமிப்பில் நோர்டெல் பங்குகளை வைத்திருந்த குடும்பங்கள் அதைவிட அதிகம்.

நிறுவனங்களின் உள் வலையமைப்புத் துறையில் நோர்டெல் வலுவாகக் காலூன்றியது, 1998இல் பே நெட்வொர்க்ஸ் நிறுவனத்தை சுமார் 9 பில்லியன் டாலர்களுக்கு வாங்கியதன் மூலம். ஆனால் அலுவலக வைஃபை என்ற புதிய சந்தை 2002, 2003ஆம் ஆண்டுகளில் உருவானபோது, அதற்கு முந்தைய ஆண்டுகளின் பங்குச்சந்தைச் சரிவாலும் ஆட்குறைப்பாலும் நோர்டெல் தளர்ந்திருந்தது. எனவே அது சொந்தமாகக் கருவிகளை உருவாக்குவதற்குப் பதிலாக, கலிஃபோர்னியாவின் ஏர்ஸ்பேஸ் என்ற இளம் நிறுவனத்தின் கருவிகளை வாங்கித் தன் பெயரைப் பொறித்து விற்றது. பிரான்ஸின் அல்காடெல் நிறுவனமும் அதே ஏர்ஸ்பேஸிடமிருந்தே வாங்கியது.

2005ஆம் ஆண்டு ஜனவரியில் அந்த ஏர்ஸ்பேஸை 450 மில்லியன் டாலர் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்து வாங்குவதாக சிஸ்கோ அறிவித்தது. ஒரே அறிவிப்பில், நோர்டெல் விற்றுக்கொண்டிருந்த கருவிகள் அதன் பரம எதிரியின் சொத்தாகிவிட்டன. நோர்டெல் அவசரமாக டிரபீஸ் நெட்வொர்க்ஸ் என்ற மற்றொரு இளம் நிறுவனத்தை நாடியது. அல்காடெல், அரூபா நெட்வொர்க்ஸை நாடியது. நோர்டெலிடம் முதல் தொகுதியை வாங்கிய வாடிக்கையாளர்கள், அடுத்த தொகுதி முற்றிலும் வேறு இனத்தைச் சேர்ந்தது என்பதைக் கண்டனர். மேலே ஒட்டப்பட்டிருந்த பெயர் மட்டும் மாறவில்லை. போட்டியாளருக்குப் பொருள் வழங்குபவரையே வாங்கிவிடுவது, விலைக் குறைப்பை விடவும் பயனுள்ள ஆயுதம் என்பதை சிஸ்கோவின் அந்த நகர்வு காட்டியது.

டிரபீஸின் கதையும் அத்துடன் முடியவில்லை. அதனை 2008இல் கேபிள் தயாரிப்பாளரான பெல்டன் 133 மில்லியன் டாலர்களுக்கு வாங்கியது. 2010இல் ஜூனிப்பர் 152 மில்லியன் டாலர்களுக்கு வாங்கியது. அந்த ஜூனிப்பரே இப்போது ஹியூலெட் பாக்கர்ட் என்டர்பிரைஸ் வசம். அல்காடெல் நாடிய அரூபாவும் 2015ஆம் ஆண்டு முதல் ஹியூலெட் பாக்கர்ட் வசம்தான். ஆக, 2005ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டொரோண்டோ நிர்வாகி ஒருவரின் மேசையில் தனித்தனி விலைப் பட்டியல்களாக இருந்த ஏர்ஸ்பேஸ், டிரபீஸ், அரூபா ஆகிய மூன்றும் இன்று இரண்டே உரிமையாளர்களிடம் வந்து சேர்ந்துவிட்டன.

நோர்டெல் 2009ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் தேதி கடன் கொடுத்தோரிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்புக் கோரியது. அதன் செல்பேசி வலையமைப்புப் பிரிவின் பெரும்பகுதியை 1.13 பில்லியன் டாலர்களுக்கு ஸ்வீடனின் எரிக்சன் பெற்றது. நிறுவனங்களுக்கான கருவிகள் பிரிவை, தொலைபேசி இணைப்பகத் தொழிலும் சேர்த்து, சுமார் 900 மில்லியன் டாலர்களுக்கு அமெரிக்காவின் அவாயா பெற்றது. காப்புரிமைகள் மட்டும் 2011இல் 4.5 பில்லியன் டாலர்களுக்கு, ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட நிறுவனங்களின் கூட்டுக்கு விற்கப்பட்டன. அந்தப் பணத்தை யார் எவ்வாறு பங்கிடுவது என்பதைத் தீர்மானிக்க, 2014இல் டொரோண்டோவிலும் அமெரிக்காவின் டெலவேரிலும் உள்ள இரு நீதிமன்றங்கள் காணொளி இணைப்பில் ஒரே நேரத்தில் விசாரணை நடத்தின. உடல்நலக் குறைவால் பணியாற்ற முடியாதிருந்த கனேடிய ஊழியர்களுக்கான உதவித்தொகையோ, 2010ஆம் ஆண்டின் இறுதியிலேயே நின்றுபோயிருந்தது.

ஒரே வீட்டில் முடிந்த இரு வழிகள்

டொரோண்டோ பகுதிக்கு இந்தச் சந்தையில் இன்னொரு வேரும் உண்டு. அது அதிகம் பேசப்படுவதில்லை. சான்ட்ரி நெட்வொர்க்ஸ் என்ற சிறு நிறுவனம், தலைமையகத்தை மசாசூசெட்ஸில் வைத்துக்கொண்டு, பொறியியல் பணியை டொரோண்டோ பெரும்பாகத்தில் நடத்தியது. அலுவலக வைஃபை அதன் ஒரே தொழில். 2005ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அது ஜெர்மனியின் சீமென்ஸ் வசமானது. சீமென்ஸின் நிறுவனத் தொடர்புப் பிரிவு 2008இல் கோர்ஸ் என்ற முதலீட்டுக் குழுமத்தின் ஏற்பாட்டில் என்டராசிஸ் என்ற அமெரிக்க நிறுவனத்துடன் இணைந்தது. என்டராசிஸை 2013இல் 180 மில்லியன் டாலர்களுக்கு எக்ஸ்ட்ரீம் நெட்வொர்க்ஸ் வாங்கியது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2017இல், அவாயாவும் நெருக்கடிக்குள்ளாகி, தனது வலையமைப்புப் பிரிவை 100 மில்லியன் டாலர்களுக்கு விற்றது. வாங்கியது அதே எக்ஸ்ட்ரீம். நோர்டெலின் வழியும் சான்ட்ரியின் வழியும் இவ்வாறு ஒரே வீட்டில் முடிந்தன. எக்ஸ்ட்ரீம், 2016இல் சீப்ரா நிறுவனத்தின் வைஃபை தொழிலையும், 2019இல் ஏரோஹைவ் நிறுவனத்தையும் வாங்கியிருந்தது. பிறர் கைவிட்டவற்றைக் குறைந்த விலைக்கு வாங்கிச் சேர்த்தே அது தன் இடத்தைப் பிடித்தது. டொரோண்டோ பகுதியில் இந்தத் துறையில் நீண்ட காலம் பணியாற்றிய ஒரு பொறியாளர், மேசையை மாற்றாமலேயே நான்கு நிறுவனங்களின் அடையாள அட்டைகளை அணிந்திருக்க வாய்ப்புண்டு. திறமை நகரத்திலேயே தங்கியது. எதை உருவாக்குவது, யாருக்கு என்ன விலைக்கு விற்பது என்ற முடிவுகள் வேறிடத்துக்குப் பெயர்ந்தன.

சந்தாவாக மாறிய பெட்டி

2010களில் போட்டியின் களமே மாறியது. மெராக்கி என்ற நிறுவனம், கட்டுப்பாட்டு மென்பொருளை வாடிக்கையாளரின் கட்டடத்திலிருந்து அகற்றி, இணையவழியே தனது சொந்தக் கணினி மையங்களிலிருந்து வழங்கியது. நகரெங்கும் சிதறிக் கிடக்கும் கிளைகளைக் கொண்ட ஒரு கடைச் சங்கிலிக்கோ கல்விச் சபைக்கோ இது பெரும் வசதி. ஒரே திரையில் அனைத்தையும் காணலாம். ஒவ்வொரு கட்டடத்துக்கும் தொழில்நுட்ப ஊழியரை அனுப்ப வேண்டியதில்லை. 2012இல் சிஸ்கோ 1.2 பில்லியன் டாலர் கொடுத்து மெராக்கியை வாங்கியது.

ஆனால் இந்த வசதிக்கு ஒரு விலையும் இருந்தது. மெராக்கியின் வழமையான உரிம முறைப்படி, உரிமம் காலாவதியாகி 30 நாள் சலுகைக் காலமும் கடந்துவிட்டால், சொந்தப் பணத்தில் வாங்கிக் கூரையில் மாட்டிய பெட்டியே செயலற்றுப் போகும். முன்பு ஒருமுறை வாங்கும் பொருளாக இருந்தது, ஆண்டுதோறும் கட்டும் வாடகைபோல ஆகியது. பிற நிறுவனங்களும் வெவ்வேறு அளவில் இவ்வழியைப் பின்பற்றின. மூலதனச் செலவுக்குத் தனி நிதியும் நடப்புச் செலவுக்கு வேறு நிதியும் ஒதுக்கும் பொதுத்துறை அமைப்புகளுக்கு இது கணக்கியல் தலைவலி மட்டுமன்று. போட்டியாளரிடம் மாறிச் செல்வதை ஒத்திப்போட வைக்கும் காரணமும் ஆகும்.

இந்தச் சூழலில்தான் மிஸ்ட் சிஸ்டம்ஸ் வந்தது. சிஸ்கோவிலிருந்து வெளியேறிய சுஜய் ஹஜேலா, பாப் ஃபிரைடே ஆகியோர் 2014இல் தொடங்கிய நிறுவனம் இது. ஃபிரைடே, 2005இல் சிஸ்கோ வாங்கிய அதே ஏர்ஸ்பேஸின் நிறுவனர்களில் ஒருவர் என்பது குறிப்பிடத்தக்கது. வலையமைப்பில் கோளாறு ஏற்பட்டால் அது எங்கே, ஏன் என்பதை மனிதர் தேடுவதற்கு முன்பே செயற்கை நுண்ணறிவு மென்பொருள் கண்டறிந்து சொல்லும் என்பது மிஸ்டின் வாக்குறுதி. தொழில்நுட்ப ஊழியர் பற்றாக்குறையால் தவிக்கும் அமைப்புகளை அந்த வாக்குறுதி ஈர்த்தது. 2019இல் 405 மில்லியன் டாலர்களுக்கு ஜூனிப்பர் மிஸ்டை வாங்கியது. அதன் பின்னர் ஜூனிப்பர், இந்தச் சந்தையில் பெரும் நிறுவனங்களுக்கு உண்மையான அச்சுறுத்தலாக வளர்ந்தது.

வழக்கும் உடன்பாடும்

2024 ஜனவரியில் ஜூனிப்பரை வாங்கும் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும் அதே ஆண்டின் ஆகஸ்ட் மாதத்தில் அதற்குத் தடையேதும் விதிக்காமல் அனுமதித்தன. அமெரிக்க நீதித்துறை மட்டும் 2025 ஜனவரி 30ஆம் தேதி வழக்குத் தொடுத்தது. இணைப்பு நிகழ்ந்தால், நிறுவனங்களுக்கான கம்பியில்லா வலையமைப்புச் சந்தையில் அமெரிக்காவில் 70 சதவீதத்துக்கும் அதிகமான பங்கு, சிஸ்கோ மற்றும் புதிய கூட்டு நிறுவனம் ஆகிய இரண்டின் கையில் சேரும் என்பது அதன் வாதம். ஜூனிப்பரின் போட்டியால் ஹியூலெட் பாக்கர்ட் என்டர்பிரைஸ் பெரும் விலைத் தள்ளுபடிகளை அளிக்க நேர்ந்ததாகவும், மிஸ்டை முறியடிக்கத் தன் விற்பனைப் பிரதிநிதிகளுக்குத் தனிப் பயிற்சியே அளித்ததாகவும் மனுவில் கூறப்பட்டது. நிறுவனங்கள் இதனை மறுத்தன. சந்தையில் இன்னும் பல போட்டியாளர்கள் உள்ளனர் என்றும், இணைந்தால்தான் சிஸ்கோவுக்கு ஈடுகொடுக்க முடியும் என்றும் அவை வாதிட்டன.

விசாரணை தொடங்குவதற்குச் சுமார் இரு வாரங்களே இருந்த நிலையில், ஜூன் இறுதியில் திடீரென உடன்பாடு எட்டப்பட்டது. அதன்படி, ஹியூலெட் பாக்கர்ட் என்டர்பிரைஸ் தனது இன்ஸ்டன்ட் ஆன் என்ற பிரிவை விற்றுவிட வேண்டும். மிஸ்டின் செயற்கை நுண்ணறிவு மென்பொருளின் மூல நிரலைப் பயன்படுத்தும் உரிமத்தை ஏலத்தில் பிறருக்கு அளிக்க வேண்டும்.

இந்த இரண்டில் முதலாவது, விமர்சகர்களை வியப்பில் ஆழ்த்தியது. இன்ஸ்டன்ட் ஆன் என்பது சிறு கடைகள், சிறு அலுவலகங்களுக்கான எளிய கருவிகள். வழக்கு எழுந்ததோ பல்கலைக்கழகங்கள், மருத்துவமனைகள் போன்ற பெரும் வாடிக்கையாளர்களின் நலன் குறித்து. நோய் ஓரிடத்திலும் மருந்து வேறிடத்திலுமாக அமைந்துவிட்டது என்ற கண்டனத்தில் நியாயம் இருப்பதாகவே தோன்றுகிறது. இரண்டாவது நிபந்தனை ஓரளவு பொருத்தமானது. எனினும் நிரல் மட்டும் ஒரு போட்டியாளரை உருவாக்கிவிடாது. அந்த நிரலை எழுதிய பொறியாளர்கள், அதற்கு நாள்தோறும் பாடம் கற்பிக்கும் வாடிக்கையாளர் தரவுகள், விற்பனை வலைப்பின்னல் ஆகியவை இல்லாமல் அதன் மதிப்பு காலப்போக்கில் தேயும்.

உடன்பாடு உருவான விதமும் சர்ச்சைக்குள்ளானது. நீதித்துறையின் போட்டிச் சட்டப் பிரிவைச் சேர்ந்த இரு துணைத் தலைமை அதிகாரிகள் 2025 ஜூலையில் பதவி நீக்கப்பட்டனர். அவர்களில் ஒருவரான ரோஜர் அல்ஃபோர்ட், அரசியல் செல்வாக்குப் படைத்த இடைத்தரகர்களின் தலையீட்டால் இந்த உடன்பாடு எட்டப்பட்டதாகப் பின்னர் பகிரங்கமாகக் குற்றஞ்சாட்டினார். அரசுத் தரப்பு இதனை நிராகரித்தது. தேசியப் பாதுகாப்பும் ஒரு காரணமாக முன்வைக்கப்பட்டது. சீனாவின் ஹுவாவே நிறுவனத்தை எதிர்கொள்ள வலுவான அமெரிக்க நிறுவனம் தேவை என்பது அந்த வாதம். இத்தகைய உடன்பாடுகள் பொதுநலனுக்கு உகந்தவையா என்பதை நீதிபதி ஆராய வேண்டும் என்கிறது 1974ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் ஒன்று. அந்த ஆய்வில் தலையிட்டு வாதிட, பல மாநிலங்களின் தலைமைச் சட்ட அதிகாரிகளுக்கு 2025 நவம்பரில் நீதிமன்றம் அனுமதியளித்தது. ஆனால் அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்பே இரு நிறுவனங்களும் ஒன்றாகிவிட்டிருந்தன.

ஒன்ராறியோவின் விதிகள்

ஒன்ராறியோ மாகாணத்தில் மருத்துவமனைகள், கல்விச் சபைகள், பல்கலைக்கழகங்கள் ஆகியவை 2011ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் பொதுத்துறைக் கொள்முதல் வழிகாட்டு விதிகளுக்கு உட்பட்டவை. குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட கொள்முதலுக்குப் பகிரங்கப் போட்டி கட்டாயம். தொடக்கத்தில் அந்த எல்லை ஒரு இலட்சம் கனேடிய டாலர். விதி நல்லதே. ஆனால் டெண்டர் கோருவது வேறு, போட்டியாளர்கள் இருப்பது வேறு. ஒரே நிறுவனத்தின் கருவிகளை விற்கும் மூன்று முகவர்கள் விலை சமர்ப்பித்தால் காகிதத்தில் மூன்று போட்டியாளர்கள், உண்மையில் ஒருவர்தான். அந்த முகவர்களுக்கு எவ்வளவு தள்ளுபடி என்பதைத் தீர்மானிப்பதும் தயாரிப்பு நிறுவனமே.

இதற்கிடையே, அமெரிக்கா விதித்த சுங்கவரிகளுக்குப் பதிலடியாக, அமெரிக்க நிறுவனங்களிடமிருந்து கொள்முதல் செய்வதற்கான கட்டுப்பாடுகளை ஒன்ராறியோ அரசு 2025 மார்ச்சில் அறிவித்தது. ஸ்டார்லிங்க் நிறுவனத்துடனான 100 மில்லியன் கனேடிய டாலர் ஒப்பந்தத்தை அது ரத்துச் செய்தது உலகெங்கும் செய்தியானது. ஆனால் அந்தக் கொள்கையின் வரைவிலக்கணம் அவ்வளவாகக் கவனிக்கப்படவில்லை. தலைமையகம் அமெரிக்காவில் இருந்து, கனடாவில் 250க்கும் குறைவான முழுநேர ஊழியர்களைக் கொண்ட நிறுவனமே அதில் 'அமெரிக்க நிறுவனம்' எனக் கருதப்படும். சிஸ்கோவின் கனேடியத் தலைமையகம் டொரோண்டோவின் ஏரிக்கரையில் உள்ளது. ஆயிரத்து எழுநூறு வரையிலான வேலைவாய்ப்புகளை உருவாக்க 2013இல் ஒன்ராறியோ அரசின் 220 மில்லியன் டாலர் ஆதரவுடன் உடன்பாடு செய்த நிறுவனம் அது. அதற்கு 250 என்ற எல்லை ஒரு பொருட்டேயல்ல. அந்த எல்லையில் தடுக்கி விழக்கூடியவை, சந்தையில் புதிதாக நுழைந்து விலையைக் குறைக்க முற்படும் சிறு நிறுவனங்களே. அமெரிக்க ஆதிக்கத்துக்கு எதிராக வகுக்கப்பட்ட விதி, இந்தக் குறிப்பிட்ட சந்தையில், ஆதிக்கம் மிக்க அமெரிக்க நிறுவனங்களுக்கே சாதகமாக அமையக்கூடும் என்பது ஒரு முரண்.

மறுபுறம் ஹுவாவே. அதன் கனேடியத் தலைமையகம் டொரோண்டோவை அடுத்த மார்க்கம் நகரில் அமைந்தது. தமிழர்கள் கணிசமாக வாழும் நகரம் அது. உலகின் பல நாடுகளில் அலுவலக வைஃபை கருவிகளை மலிவாக விற்கும் நிறுவனம் ஹுவாவே. 2022 மே மாதம் ஐந்தாம் தலைமுறைச் செல்பேசி வலையமைப்புகளிலிருந்து ஹுவாவே, இசட்டிஇ ஆகியவற்றின் கருவிகளை விலக்குவதாகக் கனேடிய அரசு அறிவித்தது. அந்த அறிவிப்பு செல்பேசி நிறுவனங்களை நோக்கியது. ஆயினும் அதன் பின்னர் நோயாளிகளின் தரவுகளைக் கையாளும் மருத்துவமனை ஒன்று ஹுவாவேயின் பெட்டிகளைக் கூரையில் மாட்டத் துணியும் என்று எதிர்பார்ப்பது கடினம். பாதுகாப்புக் காரணம் நியாயமானதாக இருக்கலாம். அதற்கான விலையை வாங்குவோரே செலுத்துகின்றனர் என்பதும் உண்மை.

கனடாவின் போட்டிச் சட்டம் அண்மைக்காலத்தில் கணிசமாக இறுக்கப்பட்டது. செயல்திறன் கூடும் என்று காட்டி இணைப்பை நியாயப்படுத்த இடமளித்த பிரிவு 2023 டிசம்பரில் நீக்கப்பட்டது. இணையும் நிறுவனங்களின் கூட்டுப் பங்கு 30 சதவீதத்தைத் தாண்டினால் போட்டி பாதிக்கப்படும் என்று அனுமானிக்கவும், அது தவறென நிரூபிக்கும் பொறுப்பை நிறுவனங்கள் மீது சுமத்தவும் 2024 ஜூனில் சட்டம் திருத்தப்பட்டது. ஆனால் இணையும் இரு நிறுவனங்களும் எல்லைக்கு அப்பால் இருக்கும்போது, வாஷிங்டன் அனுமதித்த ஒன்றை ஒட்டாவா தனித்துத் தடுப்பது அரசியல் ரீதியாக எளிதல்ல.

எஞ்சியிருப்போர்

தெரிவே இல்லை என்று கூறிவிட முடியாது. எக்ஸ்ட்ரீம் இருக்கிறது. கைமாறிக் கைமாறி வந்தாலும் ரக்கஸின் கருவிகள் விளையாட்டரங்குகளிலும் விடுதிகளிலும் நன்மதிப்பைப் பெற்றவை. பாதுகாப்பு மென்பொருளுடன் வைஃபையைச் சேர்த்து விற்கும் ஃபோர்ட்டிநெட், உரிமக் கட்டணமில்லாமல் மலிவு விலையில் விற்கும் யூபிக்விட்டி, புனேயில் வேர்கொண்ட மோஜோ நிறுவனத்தை 2018இல் வாங்கி இத்துறைக்குள் நுழைந்த ஆரிஸ்டா ஆகியவையும் உள்ளன. ஆயினும் ஆயிரக்கணக்கான பெட்டிகளைக் கொண்ட வளாகமொன்றுக்கு, இரவு இரண்டு மணிக்கும் பதிலளிக்கும் சேவையுடன் விலை கூறக்கூடியவர்கள் இவர்களில் எத்தனை பேர் என்ற கேள்வி எழும்போது பட்டியல் சுருங்கிவிடுகிறது. அமெரிக்க நீதித்துறையின் வழக்கும் அந்தச் சுருங்கிய பட்டியலைப் பற்றியதே.

இணைந்த நிறுவனத்தின் வலையமைப்புப் பிரிவுக்குத் தலைமையேற்றவர் ஜூனிப்பரின் தலைவராக இருந்த ராமி ரஹீம். அவர் டொரோண்டோ பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பயின்றவர். அரூபா, மிஸ்ட் ஆகிய இரண்டும் இப்போது அவரது பொறுப்பில். இரண்டு தனித்தனி மென்பொருள் மேடைகளை ஒரே நிறுவனம் நீண்ட காலம் பேணுவது இத்துறையில் அரிது. ஏர்ஸ்பேஸ் வழிவந்த கருவிகளையும் மெராக்கியையும் பல ஆண்டுகள் தனித்தனியே நடத்திய சிஸ்கோவும் பின்னர் அவற்றை நெருங்கச் செய்யத் தொடங்கியது. அரூபாவை வாங்கியவர்களும் மிஸ்டை வாங்கியவர்களும் எந்த மேடை நிலைக்கும், எது மெல்ல ஒதுக்கப்படும் என்று கவலைப்படுவதற்கு இதுவே காரணம். நோர்டெலின் வாடிக்கையாளர்கள் 2005இல் சந்தித்த அதே கவலைதான் இது.

6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமமில்லா வைஃபை பயன்பாட்டுக்குத் திறந்துவிடும் முடிவைக் கனடா 2021 மே மாதம் அறிவித்தது. பழைய பெட்டிகளால் அந்த அலைவரிசையைப் பயன்படுத்த இயலாது. கொரோனா பெருந்தொற்றுக்கு முன்னர் மாட்டப்பட்ட கருவிகளின் ஆயுளும் முடிவுக்கு வருகிறது. ஆகவே டொரோண்டோவின் பள்ளிகள், மருத்துவமனைகள், பல்கலைக்கழக வளாகங்கள் பலவற்றில் அடுத்த தலைமுறைக் கருவிகளுக்கான டெண்டர்கள், இந்த இணைப்பை அடுத்துவரும் சில ஆண்டுகளிலேயே வெளியாகும். அவற்றுக்கு வரும் விலைமனுக்களில், முன்பு அரூபாவும் ஜூனிப்பரும் ஒன்றையொன்று முந்த அளித்துவந்த தள்ளுபடிகள் நீடிக்கின்றனவா என்பதை வரி செலுத்துவோர் அங்குதான் முதலில் காண முடியும்.